சீமந்த முள்

சந்தானராமனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குருவுக்கு நாற்பது. மலையடிவாரக் குடிசையில் இருக்கும் அவரைச் சாமி என்றுதான் இவர் கூப்பிடுவார். சாமி இவரை ஐயரே என்பார். ஞானம் என்ன, வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

ஒரு நாள் சீடர் கேட்டார்.

“சாமி, பொண்ணுக்கு அடுத்த மாசம் சீமந்தம். வகிடெடுக்க முள்ளம்பன்றி முள் வேணும். மூணு இடத்துல வெள்ளை இருக்கணும்னு சம்பந்தியாத்துல பிடிவாதமா இருக்கா. எங்கேயோ ரகசியமா விக்கறாளாம். வாங்கலாமா?”

“விக்கறதுக்குன்னே கொல்றானுங்க. வேண்டாம்.”

“பின்ன என்ன பண்றது?”

“மேல பாறைக்குப் பின்னாடி ஒரு வளை இருக்கு. ஜோடியா குடியிருக்கு. தானா உதிர்ற முள் அங்கயே கிடக்கும். பொறுக்கிக்குங்க.”

பாவமும் இல்லை, முள்ளும் கிடைக்கும். சீடருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தினமும் காலையில் ஏறினார். பகலில் அவை உள்ளே தூங்கும். வளை வாயில் தோண்டிய மண்ணும் கொறித்துப் போட்ட கிழங்கும் கிடந்தன. முள்ளும் கிடந்தது. ஒன்றில் வெள்ளை இரண்டுதான். இன்னொன்று பாதியில் முறிந்திருந்தது. சம்பந்தியின் முகத்தை நினைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

பதினோராம் நாள் சரியான முள் கிடைத்தது. அதோடு நின்றிருக்கலாம். ஒடிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றுக்காகப் பன்னிரண்டாம் நாளும் போனார். போன வேகத்தில் ஓடி வந்தார்.

“சாமி! புகை போட்டுப் பிடிச்சிருக்கான் எவனோ! ஒரே ரத்தம். அள்ளிக் கட்டற அளவுக்கு முள் கிடக்கு. ஒண்ணுதான் போச்சு போல. இன்னொண்ணோட கால்தடம் புதர்ப் பக்கமா போறது.”

சாமி கூடவே ஏறினார். வளையருகே போனதும் வளையைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று, ஏறி வந்த வழியைப் பார்த்தார்.

பன்னிரண்டு நாளில் புல் மடிந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. சீடரின் செருப்புத் தடத்தை ஒட்டியே வேறு ஒருவனின் வெறுங்கால் தடம் மேலே வந்திருந்தது. கீழேயும் போயிருந்தது.

“நான் ஒண்ணுமே பண்ணலையே சாமி. உதிர்ந்ததைத்தானே எடுத்தேன்?”

“ஆமா.”

“நீங்கதானே போகச் சொன்னேள்?”

“ஆமா. தப்பு எனக்கும் உண்டு.”

குருவே தப்பை ஒப்புக்கொண்டால் சீடன் எங்கே போய் நிற்பது? சீடர் மடியிலிருந்த நேற்றைய முள்ளை எடுத்துத் தரையில் வைத்தார்.

“எடுத்துக்குங்க. பொண்ணு காத்திருக்கும்.”

“இதையா?”

“நல்ல முள்தானே?”

நல்லதா, கெட்டதா? அவருக்குப் புரியவில்லை. எடுத்துக்கொண்டார். அழுகை வந்தது. யாருக்காக என்றும் தெரியவில்லை.

“மிச்சம் ஒண்ணு இருக்கே சாமி. அதையாவது காப்பாத்தறேன். நாளையிலேர்ந்து தினம் இங்க வந்து காவல் உக்காரறேன்.”

சாமி பாதையில் கால் வைக்கவில்லை. பாறை மேலேயே கவனமாக இறங்கத் தொடங்கினார்.

“வராதீங்க ஐயரே. புல் முளைக்கட்டும்.”