நெருஞ்சி முள் வாங்கிய கதை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், பாட்டில் பெயர் வந்த செடிக்கு மட்டும்தான் மழை பெய்யும். மற்றவை பனியை நக்கிப் பிழைக்க வேண்டியதுதான்.

பாடுகிறவள் பெயர் கொற்றி. மழைக்காலத்துக்கு முன் ஊர் ஊராக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பாடுவாள். ஆனால் பாடுகிற குலத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: யார் முன்னாலும் தலை குனியக் கூடாது. அதனால் கொன்றையைப் பாடினாள், வேங்கையைப் பாடினாள். தரையில் கிடந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டித்தடத்தில் கிடந்த நெருஞ்சிக்கு அப்போது முள் கிடையாது. நல்ல வாசம் இருந்தது. அந்த வருஷம் பனியும் பொய்த்துவிட்டது. வேர் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த மழையும் தப்பினால் நாம் செத்தோம்" என்றது நெருஞ்சி.

பக்கத்தில் நின்ற தும்பை, "அவளாகப் பார்க்கும்வரை பொறுத்துக்கொள் அக்கா" என்றது.

"பொறுத்தது போதும். நீ வேண்டுமானால் பொறுத்துச் சாவு!"

நெருஞ்சி நேராகத் தடத்தோரம் நின்ற வேலமரத்திடம் பேசியது. "அண்ணே, உன் முள்ளில் கொஞ்சம் கொடு. என் வாசத்தைத் தருகிறேன்."

வேலமரத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. காட்டிக்கொள்ளாமல், "காய்க்கு ஒரு முள் தரலாம்" என்றது.

"ஒன்றா? பிச்சையா போடுகிறாய்? பூத்து நிற்கிறாய், ஒரு வண்டு எட்டிப் பார்க்கிறதா? காய்க்குப் பத்து. ஒன்று குறைந்தாலும் வேண்டாம், போ."

"அடாவடிக்காரி!" என்று முனகிக்கொண்டே மரம் பத்தையும் எண்ணிக் கொடுத்தது.

மறுநாள் கொற்றி வந்தாள், வழக்கம்போல் நிமிர்ந்த தலையோடு. வெறுங்கால். சுருக்கென்று தைத்தது. குனியாமல் பிடுங்கப் பார்த்து ஒற்றைக் காலில் தள்ளாடினாள். ஊன்றிய காலிலும் தைத்தது. பொத்தென்று உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தலை குனிந்தாள்.

"யாரடி அவள், என்னைக் குனிய வைத்தவள்?"

"நான்தான். நெருஞ்சி. இத்தனை வருஷம் என்மேல் நடந்தாயே, அப்போது யாரென்று கேட்டாயா?"

கொற்றி பூவையே பார்த்தாள். வெயில் நகர்ந்தது, பூவும் கூடவே திரும்பியது. அவள் குரல் தானாக எழுந்தது.

"ஐந்தே இதழ், என் விரல்நகம் அளவு,
வெயில் போகும் பக்கமெல்லாம் திரும்புகிறது.
உச்சிக் கிளைகளில் தேடி அலைந்தேனே,
என் காலடியில் விழித்திருந்தது ஒரு பகல்."

"பாடிவிட்டேன். இனி முள்ளை உதிர்த்துவிடு" என்றாள்.

"மாட்டேன். உனக்குப் பிறகு வருகிறவள் குனிய வேண்டாமா?"

கொற்றிக்குக் கோபம் வரப் பார்த்தது, சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் தும்பை மெல்ல, "நானும்..." என்று இழுத்தது.

"வாயைத் திறந்து கேளேன்!" என்று அதட்டியது நெருஞ்சி.

கொற்றி தும்பையையும் பாடினாள், அருகம்புல்லையும் பாடினாள். பாட்டு முடியுமுன் வண்டித்தடத்தில் மழை இறங்கியது.

நெருஞ்சிக்கு வாசம் போய் முள் வந்தது அப்படித்தான். பாடுகிறவர்கள் புல்லையும் பூண்டையும் குனிந்து பார்க்கத் தொடங்கியதும் அப்படித்தான். மறந்துபோய் வானத்தைப் பார்த்தபடி நடக்கிறவன் காலில் அந்த முள் இன்றைக்கும் ஏறத்தான் செய்கிறது.