மலையேரியின் அடிநீர் சில்லென்று இருப்பது ஏன்

அந்தக் காலத்தில், பனிக்கும் தண்ணீருக்கும் வாய் இருந்தபோது, ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஏரி இருந்தாள். இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவ்வளவு பேசுவாள். அவளுடைய அம்மா, சிகரத்தின் தோளில் உட்கார்ந்திருந்த பெரும்பனி. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கால்களையும் கீழே நீட்டி மகளின் மடியில் போட்டிருப்பாள். ராத்திரியும் பகலும் அப்படித்தான்.

அம்மா கெட்டவள் இல்லை. பெண்ணைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள், அவ்வளவுதான். யாராவது தண்ணீரில் கால் வைத்தால் போதும், நறுக்கென்று கிள்ளிவிடுவாள். அப்போதெல்லாம் ஏரித் தண்ணீர் மேலிருந்து அடிவரை ஒரே குளிர். நல்ல கோடையிலும் விரல் விறைத்துப்போகும். மலையாடுகள்கூட கரையில் நின்றபடி எட்டிக் குடித்துவிட்டு, தாடியைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடும்.

நடந்து வருகிற மனிதர்கள் கரையில் நிற்பார்கள், "அடடா, என்ன நிறம்" என்பார்கள், ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஏரிக்கு அழுகையாக வரும்.

"நான் என்னம்மா, சுவரில் மாட்டிய படமா? ஒருத்தராவது என்னிடம் வந்து விளையாட வேண்டாமா?"

"விளையாட நான் இருக்கிறேனே" என்பாள் அம்மா. அவளுக்கு விளையாட்டு என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பது.

அந்தக் கோடையில்தான் வெரேனா வந்தாள். மாடுகளை மலைப் புல்வெளிக்கு ஓட்டிவந்து, மரக்குடிசையில் தங்கிப் பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்கிறவள். வாய் ஓயாதவள். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி நடப்பாள். நடக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். எந்த மாடு உதைத்தது, எந்தக் கட்டி சரியாக உறையவில்லை, கீழே ஊரில் தன் தங்கைக்கு எவன்மேல் கண் என்று ஒன்று விடமாட்டாள். ஏரியும் கூடவே கரையோரமாகச் சலசலத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் வெரேனா வரத் தாமதமானால் ஏரிக்கு இருப்புக்கொள்ளாது. அவ்வளவு பிரியம்.

ஒருநாள் வெரேனா சொன்னாள்: "எங்க ஊர் ஆத்துல நான் மீன் மாதிரி நீந்துவேன், தெரியுமா? உன்கிட்ட வந்து ஒருநாள் நீந்தணும்னு ஆசையா இருக்கு."

ஏரிக்குச் சந்தோஷத்தில் தண்ணீர் கரையைத் தாண்டித் தெறித்தது. அடுத்த நொடியே அம்மாவின் நினைப்பு வந்தது.

ஏரி சூரியனிடம் போய்க் கெஞ்சினாள். "என்னைக் கொஞ்சம் சூடு பண்ணித் தாங்களேன்."

"தருவேன்" என்றது சூரியன். "ஆனால் உன் அம்மாவின் கால் உன் மடியில் இருக்கிறது. நீ சூடானால் அவள் கால் கரையும். கால் கரைந்தால் மெல்ல மெல்ல உடம்பும். யோசித்துச் சொல்."

ஏரி யோசித்தாள். அம்மா வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தோழி வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. "அப்புறம் சொல்கிறேன்" என்று திரும்பிவிட்டாள்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. வழிதவறிய கன்று ஒன்றைத் தேடி வெரேனா மலையெல்லாம் ஏறி இறங்கினாள். கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஏரிக்கு வந்தாள். தினமும் பழகிய ஏரிதானே என்ற நினைப்பு அவளுக்கு. வாயாடி, அன்றைக்கென்று ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றினாள், பாறையிலிருந்து தொப்பென்று குதித்தாள்.

அம்மா திடுக்கிட்டு இரண்டு கால்களாலும் அவளைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். வெரேனாவுக்கு மூச்சு அடைத்தது. கை அசையவில்லை. கத்த வாயைத் திறந்தாள், சத்தமும் வரவில்லை. அப்படியே கீழே இறங்கத் தொடங்கினாள்.

"விடும்மா, அது வெரேனா" என்று ஏரி அலறினாள். பயந்துபோன அம்மாவின் காதில் அது விழவே இல்லை.

ஏரி மேலே பார்த்துச் சொன்னாள்: "கொடுங்கள்."

சூரியன் கொடுத்தது. வெதுவெதுப்பு மளமளவென்று இறங்கியது. அம்மாவின் பிடி நழுவியது. வெரேனா தக்கைபோல மேலே வந்து, இருமி இருமிப் பாறையைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்துவிட்டாள்.

ஆனால் மேலே சிகரத்தில் மடாரென்று ஒரு விரிசல் விட்டது. "ஏண்டி, என் கால் போகுதே" என்றாள் அம்மா. திட்டவில்லை. சின்னக் குரலில் சொன்னாள்.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் ஏரி அதைச் செய்தாள். தனக்குள் இறங்கிக்கொண்டிருந்த சூடு முழுவதையும் தம்கட்டி மேலே இழுத்தாள். இழுத்து, ஓர் ஆள் கழுத்தளவுக்குள் நிறுத்தி வைத்தாள். அதற்குக் கீழே ஒரு பொட்டுச் சூட்டையும் விடவில்லை. அடித்தண்ணீர் பழையபடி குளிர்ந்தது. அம்மாவின் கால் கரைவது நின்றது.

"மேல் தண்ணீர் என் சிநேகிதிக்கு" என்றாள் ஏரி. "அடித்தண்ணீர் உனக்கும்மா. காலை எடுத்துவிடாதே."

கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய வெரேனா முதலில் பேசினாள். "தப்பு என்மேலதான். அடுத்தவங்க வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு ஒரு குரல் கொடுப்போம். நான் திருடி மாதிரி குதிச்சுட்டேன்."

"தினம் அவ்வளவு பேசுவியே" என்றாள் அம்மா. "இன்னிக்கும் ஒரு வார்த்தை பேசியிருந்தா நீதான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே வர்றப்ப ஒரு கை தண்ணி அள்ளி நெஞ்சுல தட்டிக்கோ. அந்தச் சத்தத்துல நான் தெரிஞ்சுக்கறேன். அப்பவும் உன் காலைத் தொட்டுத்தான் பார்ப்பேன். அதை மட்டும் என்னால விடமுடியாது."

"தொட்டுப் பாருங்க. பிடிச்சு மட்டும் வைச்சுடாதீங்க" என்றாள் வெரேனா.

அன்று முதல்தான் மலையேரிகள் கோடையில் மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் சில்லென்றும் இருக்கின்றன. அன்று முதல்தான் மலையேறி வருகிறவர்கள் ஏரியில் இறங்குவதற்கு முன் ஒரு கை தண்ணீரை அள்ளி நெஞ்சிலும் பிடரியிலும் தட்டிக்கொள்கிறார்கள். நீந்தும்போது காலைக் கொஞ்சம் கீழே விட்டீர்களானால் உள்ளங்காலில் சில்லென்று ஏதோ படும். பயப்படாதீர்கள். மகளோடு விளையாட வந்திருப்பது யாரென்று அம்மா பார்க்கிறாள்.