மகாராஜாவின் விலை

கன்னலூர்ச் சமஸ்தானத்துக்குக் கால்பந்து எப்படி வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. வந்தது, அவ்வளவுதான். மாசித் திருவிழாவில் எட்டு ஊர்க்காரர்கள் அரண்மனை மைதானத்தில் மோதுவார்கள். ஊர்க்காரர்கள் காலால் ஆடினார்கள். அரண்மனைக்காரர்கள் ஓலையில் ஆடினார்கள்.

ஓலை ஆட்டம் இப்படி. சபையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நூறு பொன் உண்டு. பொன் என்றால் கற்பனைப் பொன்தான், மடியில் முடிந்துகொள்ள முடியாது. அதை வைத்து எட்டு ஊர் ஆட்டக்காரர்களில் பதினொரு பேரை வாங்கி ஓர் அணி எழுதித் தர வேண்டும். நூறைத் தாண்டக் கூடாது. திருவிழா முடிய அந்தப் பதினொருவர் போடும் கோல் எல்லாம் ஓலைக்காரர் கணக்கில் சேரும். ஆட்டக்காரர்களுக்கு விலை வைப்பவர் பிரதானி மார்த்தாண்டம். வருஷா வருஷம் ஜெயிப்பவரும் அவரே. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடைசியில் வருபவர் எப்போதும் சொக்கேசர். சபையில் விகடம் பேசுவதற்காகச் சம்பளம் வாங்குபவர். பந்து உருண்டையானது என்பதற்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் நாக்கு பிரதானிக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் இந்த வருஷம் பிரதானி ஒரு யோசனை சொன்னார். கடைசியில் வருபவரை உப்பளத்துச் சுங்கச் சாவடிக்கு அனுப்பிவிட்டால் ஆட்டம் சூடு பிடிக்கும் என்றார். ராஜா ரணவிக்கிரமருக்கு ஆட்டம் சூடு பிடித்தால் போதும். தலையாட்டிவிட்டார்.

உப்பளத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. சொக்கேசரின் மனைவி கோமளம் அங்கே நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். கணவர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சொக்கேசர் விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோட்டைமேட்டு வீரணன் முப்பது பொன். மற்ற பெயர் பெற்றவர்களும் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். யாராவது காலைச் சுளுக்கிக்கொண்டால் மட்டும் களத்துக்குள் கூப்பிடப்படும் தண்ணீர்க்குடக்காரர்களுக்கெல்லாம் தனித்தனியாக விலை எழுதப் பிரதானிக்குச் சலிப்பு. பட்டியலின் அடியில் ஒரே வரியில் முடித்திருந்தார்: களத்தில் இறங்குபவர்களில் இங்கே பெயர் இல்லாத எவருக்கும் விலை ஒரு பொன். சொக்கேசருக்குக் கால்பந்துதான் புரியாது, பிரதானியை நன்றாகத் தெரியும். எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

மறுநாள் சபையில் எல்லோருடைய ஓலையையும் பிரதானியே படித்தார். கொடுத்த ஓலையைத் திருத்த முடியாது என்பது சட்டம். சொக்கேசர் ஓலைக்கு வந்தபோது, உப்பளத்துக்கு ஆள் அனுப்பிவிட்ட மகிழ்ச்சி பிரதானியின் முகத்தில் ஏற்கெனவே தெரிந்தது. பத்துப் பெயர் வரை படித்தார். பதினொன்றில் குரல் நின்றுவிட்டது. ராஜா மேலே படிக்கச் சொன்னார்.

"மகாராஜா ரணவிக்கிரமர். ஒரு பொன்."

திருவிழாவின் கடைசி ஆட்டத்தில் ராஜாவும் இறங்கி ஆடுவது அந்த ஊர் வழக்கம். அது எல்லோருக்கும் தெரியும். ஓலையில் எழுதலாம் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

பிரதானி சுதாரித்துக்கொண்டு, இது ராஜத் துரோகம், மகாராஜாவை ஒரு பொன்னுக்கு மதித்துவிட்டான் என்றார். சொக்கேசர் நிதானமாக எழுந்தார்.

"விலை வைக்க எனக்கு ஏது அதிகாரம்? பட்டியலில் மகாராஜா பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு ஒரு பொன் என்று பிரதானியார்தான் எழுதியிருக்கிறார். எனக்கும் அது குறைச்சலாகத்தான் பட்டது."

ராஜா பிரதானி பக்கம் திரும்பினார்.

"அது ஆட்டக்காரர்களுக்கு, மகாராஜா. தாங்கள் ஆட்டக்காரர் இல்லையே."

"போன வருஷம் ஒன்பது கோல் போட்டேனே. அது என்ன?"

மகாராஜாவின் விலையை நூறு பொன் என்று திருத்திவிடலாம் என்றார் பிரதானி.

"தாராளமாக," என்றார் சொக்கேசர். "சபையில் யார் வேண்டுமானாலும் கையிலிருப்பதைக் கொடுத்து மகாராஜாவை வாங்கிவிடலாம் என்று ஆகிறது."

"அப்படியானால் ஆயிரம்."

"மகாராஜாவோடு ஒரே அணியில் நிற்க இங்கே ஒருவருக்கும் வழியில்லை என்று ஆகிறது."

"முடிவாக என் விலைதான் என்ன?" என்று ராஜா கேட்டார். எந்த எண்ணைச் சொன்னாலும் கழுத்துக்கு ஆபத்து என்று பிரதானிக்கு விளங்கியது. பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும் என்று முணுமுணுத்தார்.

கடைசி நாள் ராஜா களத்தில் இறங்கினார். எதிரணியில் நின்ற கோட்டைமேட்டுக்காரர்கள் அவர் பக்கம் வந்த பந்தை விட்டு மரியாதையாக ஒதுங்கினார்கள். அவர்களுடைய கோல் காவலன் தன் காலில் தைத்த முள்ளைத் தேடினான், ஆட்டம் முடியும் வரை தேடினான். ஒருமுறை ராஜாவின் உதை வெளியே போனபோது அவனே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு மறுபடியும் முள்ளைத் தேடப் போனான். ராஜாவுக்குப் பதினான்கு கோல். ஓலை ஆட்டத்தில் சொக்கேசர் முதல், பிரதானி இரண்டாவது. கடைசியில் வந்தவர் அரண்மனை ஜோசியர். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் உட்பட.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே ராஜா சொக்கேசரை அழைத்தார். என் ஆட்டத்தின் மேல் உமக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டார். தங்களைத் தடுக்க இந்த நாட்டில் ஆளில்லை என்றார் சொக்கேசர். ராஜா சிரிக்கவில்லை. முள் தேடியவனை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"உண்மையைச் சொல்லும். நான் ராஜாவாக இல்லாமல் கோட்டைமேட்டில் ஒருவனாகப் பிறந்து ஆடியிருந்தால், என் விலை என்ன?"

சபை முழுவதும் சொக்கேசரைப் பார்த்தது. உப்பளத்திலிருந்து தப்பியாயிற்று, இதிலிருந்து தப்புவது வேறு விஷயம்.

"பிரதானியார் ஆட்டம் தெரிந்தவர், மகாராஜா. அவர் போட்ட விலை சரிதான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் ஆனது. வந்தபின் அடங்க அதைவிட நேரம் ஆனது. முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசர் கழுத்தில் போட்டு, வேறென்ன வேண்டும் என்றார். சொக்கேசர் ஜோசியருக்காகக் கேட்டார். உப்பளத்துக்கு யாரும் போக வேண்டாம் என்று உத்தரவாயிற்று. பிரதானி மட்டும் சிரிக்கவில்லை. தன்னைப் பாராட்டினார்களா, மாட்டிவிட்டார்களா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.