மலைக்கு ஏற்ற டயர்

போடியிலிருந்து மலைக்குப் பிரியும் சாலையோரம் மைமூன் பீவியின் ஷெட் இருந்தது. கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, மரம் அறுக்கும் மிஷின் என்று மலைமேல் போகவேண்டிய கனமான சாமான் எதுவானாலும் அவரிடம்தான் வரும். ட்ரெய்லரில் ஏற்றி, தன் பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார். பல வருஷமாக அவர் செய்யும் வேலை அது. அவர் இழுத்துப்போன எதுவும் வழியில் கவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒரு சித்திரை மாதக் காலையில் சூசைமாணிக்கம் அங்கே வந்து இறங்கினார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். மைமூனைவிட வயதில் மூத்தவர். சமவெளியில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டர் இழுத்தே காலம் கழித்தவர். வந்தவர் உட்காரவில்லை.

"எனக்கு மலை ஓட்டக் கத்துக்குடுக்கணும்" என்றார்.

"நீங்கதான் ரொம்ப நாளா வண்டி இழுக்கிறீங்களே அண்ணே?"

"தரையில இழுத்தேன். போன மழைக்குச் சாம்பக்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டு போனேன். ஒம்பதாவது வளைவுல ட்ரெய்லர் டயர் வெடிச்சிருச்சு. ஜெனரேட்டர் பள்ளத்துல போயிருச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல."

மைமூனுக்கு அந்தச் செய்தி தெரியும். மலையடிவாரம் முழுக்கத் தெரியும். அந்த மழைக்காலம் பூராவும் சாம்பக்காட்டு ஆஸ்பத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பிரசவம் பார்த்தார்கள்.

"அடுத்த மழைக்குள்ள அங்க ஒரு ஜெனரேட்டர் போய் நிக்கணும்" என்றார் சூசை. "வேற யாரும் கொண்டு போகக்கூடாது. நான்தான் கொண்டு போகணும்."

மைமூன் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து சூசை அவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மறுநாளே சூசை கேட்டார்: "வெடிக்காத டயர் எது வாத்தியாரம்மா?"

மைமூன் அவரை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். வேலியோரம் பழைய டயர் ஒன்று கிடந்தது. அதற்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இது வெடிக்காது" என்றார் மைமூன்.

சூசைக்குச் சுருக்கென்றது. ஆனால் திரும்பிப் போகவில்லை. அன்று முழுக்க ஷெட்டில் சங்கிலிகளுக்கு கிரீஸ் தடவினார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

ஒரு வாரம் கழித்துக் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"பாரம் இழுக்கிற வண்டிக்கு எந்த டயர் உழைக்கும்?"

"போன தடவ எதைப் பாத்து வாங்குனீங்க?"

"தரையில படுற பட்டனைப் பாத்துதான். நல்லா ஆழமா, தடியா இருந்துச்சு. விரலை விட்டா பாதி விரல் உள்ள போகும். அப்படி ஒரு டயரை நான் கண்டதே இல்ல."

மைமூன் எழுந்து வெளியே நடந்தார். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு இருந்தது. கைவண்டி ஒன்றில் சிமெண்டு மூட்டைகளை அடுக்கச் சொன்னார்.

"மேல இழுத்துட்டுப் போங்க. அங்க கல்லு கிடக்குது பாருங்க, அதைச் சுத்தித் திரும்பி நில்லுங்க."

சூசை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். நேராக ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர வண்டி சொன்னபடி வந்தது. கல்லைச் சுற்றித் திரும்பும்போதுதான் மூட்டைகளின் கனம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரைத் தள்ளியது. காலைப் பக்கவாட்டில் ஊன்றினார். செருப்பின் வார் பட்டென்று அறுந்தது. அவர் முழங்கால் குத்தி விழுந்தார். வண்டி கல்லில் முட்டி நின்றது.

மைமூன் மேலே ஏறி வந்தார். சூசையின் முழங்காலைப் பார்த்தார். அடி பலமில்லை. பிறகு அறுந்த செருப்பைக் கையில் எடுத்தார்.

"வாங்கி எத்தனை நாளாச்சு?"

"பொங்கலுக்கு வாங்குனது."

மைமூன் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். "அடி தேயவே இல்லையே அண்ணே."

சூசை செருப்பை வாங்கி, அறுந்த வாரையும் தேயாத அடியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே இறங்கிப்போய் மைமூனின் பிக்கப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். தரையில் உருளும் பட்டனைப் பார்க்கவில்லை. டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அதில் அச்சிட்டிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார்.

"இந்த நம்பர் என்ன?"

"ஒரு டயர் தாங்குற எடை."

"இந்த நாலு எண்ணு?"

"செஞ்ச வாரமும் வருஷமும்."

சூசை நிமிர்ந்தார். "கவுந்த ட்ரெய்லர் டயர் பாக்கப் புத்தம் புதுசா இருந்துச்சு. ஆனா கடைக்காரன் வெயில்ல அடுக்கி வச்சிருந்தான். நான் இந்த நாலு எண்ணைப் பாக்கவே இல்ல."

"இப்பப் பாத்துட்டீங்கள்ல" என்றார் மைமூன்.

சூசையின் வண்டிக்கு டயர் வாங்கப் போனபோது மைமூன் கடைக்குள் வரவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் தடித்த பட்டன் வைத்த டயர்களை உருட்டி உருட்டிக் காட்டினார். சேற்றில் போகும், பாறையில் ஏறும் என்றார்.

"சேத்துல எனக்கு வேலையில்ல" என்றார் சூசை. "வண்டி எடை, ட்ரெய்லர் எடை, அதுமேல ஜெனரேட்டர். கொக்கி வழியா பின் சக்கரத்துல இறங்குற கனத்தையும் சேத்துக்கங்க. இம்புட்டுக்கும் தாங்குற நம்பர் போட்டது வேணும். பக்கச்சுவர் கனமா இருக்கணும். இந்த வருஷம் செஞ்சதா இருக்கணும்."

"பிக்கப்புக்கு நாலுதானே?"

"ட்ரெய்லருக்கு ரெண்டு. ஸ்டெப்னி ஒண்ணு. எல்லாம் ஒரே ஜாதி."

டயர்கள் வந்தன; சூசை வாங்கிய புது ஜெனரேட்டரும் ட்ரெய்லரில் ஏறியது. அதற்குப் பிறகும் மைமூன் அவரை மலைக்கு விடவில்லை. பாரத்தோடு தேனிச் சாலையில் ஓட்டச் சொன்னார். வைகாசி வெயிலில் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். சூசை கேள்வி எதுவும் கேட்காமல் செய்தார். போகப்போக ஒரு டயரில் காற்று குறைந்திருப்பதை அவருடைய கையே சொல்ல ஆரம்பித்தது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஒரே ராத்திரியில் மலையில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. காலையில் சாம்பக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் இளவேனில் போன் செய்தார்.

"நுரையீரல் கெட்டுப்போன ஒரு பெரியவர் ஆக்ஸிஜன் மிஷின்ல இருக்கார். மிஷின் பேட்டரியில ஓடுது. சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். ஜீப்ல அவரைக் கீழ இறக்குறது ஆபத்து. உங்க ஜெனரேட்டர் எப்ப வரும்?"

"இப்பவே கிளம்புறேன் டாக்டரம்மா."

சூசை வண்டியைச் சுற்றி வந்தார். ட்ரெய்லரின் இடது டயருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். பக்கச்சுவரில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். எப்போதோ கல்லில் இடித்திருக்க வேண்டும்.

மைமூன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது மேல வரைக்கும் தாங்குமா வாத்தியாரம்மா?"

"எனக்குத் தெரியல."

"உங்களுக்கா தெரியாது?"

"அந்தப் பெரியவருக்குப் பேரன் பேத்தி இருப்பாங்க. அவங்கள்ல ஒருத்தர்கிட்டக் கேட்டுப் பாருங்க."

சூசை ஜாக்கியை எடுத்தார். டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினார். பிறகு ஸ்டெப்னி இல்லாமல் மலையேற மனம் வராமல், வண்டியைக் கடைக்கு ஓட்டி இன்னொரு டயர் வாங்கினார். இதற்குள் டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். இரண்டு முறையும் சூசை உண்மையைச் சொன்னார்: "டயர் மாத்திக்கிட்டு இருக்கேன்."

கிளம்பும்போது மைமூன் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"வழி சொல்ல மாட்டீங்களா?"

"நான் சும்மா வர்றேன். ஓட்டுறது நீங்க."

மழை தூறிக்கொண்டே இருந்தது. சூசை முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அகலமாக எடுத்துத் திருப்பினார். பின்னால் ஜெனரேட்டர் சாய்ந்து நிமிரும் முனகல் கேட்டது. எட்டாவது வளைவில் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் புதிதாகக் கட்டிய தடுப்புச்சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குக் கீழேதான் போன வருஷம் எல்லாம் போனது. சூசை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தார். திரும்பினார். ட்ரெய்லர் அவர் பின்னால் திரும்பி வந்தது.

வளைவு தாண்டிச் சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். மழையில் நனைந்தபடி ஒவ்வொரு டயராகக் கையை வைத்துப் பார்த்தார். காலையில் மாட்டிய ட்ரெய்லர் டயரில் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். மற்றவை வெதுவெதுப்பாக இருந்தன. அது கொதித்தது.

காற்று அளந்து பார்த்தார். மிகவும் குறைவு. ஸ்டெப்னியாகத் தொங்கிய நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. காலை அவசரத்தில் மாட்டினாரே ஒழிய அளக்கவில்லை. புது ஸ்டெப்னி இருந்தது; ஆனால் நனைந்த சரிவில் இந்தப் பாரத்தோடு ஜாக்கி போட முடியாது.

அவர் கதவருகே வந்தார். "வாத்தியாரம்மா, ஒரு டயர் சூடாயிருச்சு. இன்னும் நாலு வளைவுதான். மெதுவாப் போயிரலாமா?"

மைமூன் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "டிரைவரைக் கேளுங்க."

சூசை மழையில் நின்றார். பின்னால் இரண்டு ஜீப்புகள் வந்து ஹார்ன் அடித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "யோவ், நடு மலையில என்னய்யா டயரைத் தடவிக்கிட்டு நிக்கிற? ஓரங்கட்டு" என்று கத்தினான். சூசை அவர்களைக் கைகாட்டி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகவிட்டார்.

போன் அடித்தது. டாக்டர்.

"எங்க இருக்கீங்க?"

"ஒம்பதாவது வளைவு தாண்டி நிக்கிறேன்."

"நிக்கிறீங்களா? ஏன்?"

"ஒரு டயர் சூடாயிருச்சு. ஆறணும். காத்து அடிக்கணும்."

மறுமுனையில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

"வந்துருவீங்களா?" என்றார் டாக்டர். குரல் தாழ்ந்திருந்தது.

"வந்துருவேன் டாக்டரம்மா. அதுக்குத்தான் நிக்கிறேன்."

டயர் ஆறும்வரை அவர் அதன் பக்கத்திலேயே நின்றார். கால் மாற்றி மாற்றி நின்றார். ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் துடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். கடைசியில் உள்ளங்கை டயரில் பொறுத்து நின்றது. சின்ன பம்பை வண்டியின் பேட்டரியில் மாட்டிக் காற்றை நிரப்பினார். அளந்தார். சந்தேகம் தீர இன்னொரு முறை அளந்தார். ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தார். குமிழி வரவில்லை. கட்டைகளை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சாம்பக்காட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரும் நர்சுகளும் நோயாளிகளின் வீட்டாரும் நின்றிருந்தார்கள். ட்ரெய்லரில் இருந்தபடியே ஜெனரேட்டருக்கு ஒயரை இழுத்து மாட்டினார்கள். சூசை சாவியைத் திருகினார். அது இருமியது, புகை விட்டது, பிறகு ஓட ஆரம்பித்தது. வார்டில் விளக்குகள் எரிந்தன. உள்ளே போன டாக்டர் சற்றுநேரம் கழித்து வெளியே வந்தார். சூசையின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சூசை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

காலையில் மழை விட்டிருந்தது. ஜெனரேட்டரை ட்ரெய்லரிலிருந்து இறக்கிக் கொட்டகையில் நிறுத்தினார்கள். பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாக நர்சு வந்து சொன்னாள். சூசை டீ டம்ளரோடு பிக்கப்பில் சாய்ந்து நின்றார். இரவு அவர் தூங்கவில்லை, ஆனாலும் முகம் தெளிந்திருந்தது.

அப்போது டாக்டர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆஸ்பத்திரியின் பழைய ஜெனரேட்டர் ஒன்று ஓடாமல் கிடக்கிறது. போடிக்குக் கொண்டுபோனால் சரிசெய்துவிடலாம். ட்ரெய்லர் காலியாகத்தானே போகிறது?

"ஏத்துங்க, ஏத்துங்க" என்றார் சூசை. ஆட்கள் கயிறு போட்டு அதை ட்ரெய்லரில் ஏற்றத் தொடங்கினார்கள். அது புதியதைவிடக் கனமான இரும்பு. ட்ரெய்லர் முனகிக்கொண்டு தாழ்ந்தது.

சூசை டீயைக் குடித்து முடித்துவிட்டு மைமூனைப் பார்த்துச் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து மைமூன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தாங்கிருச்சு வாத்தியாரம்மா. எந்த டயர் உழைக்கும்னு இனி நான் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. தெரிஞ்சுபோச்சு."

மைமூன் பாரம் ஏறிய ட்ரெய்லரைப் பார்த்தார். அதற்கு அப்பால் பனிக்குள் வளைந்து மறையும் சாலையைப் பார்த்தார்.

"இன்னும் இறங்கலையே அண்ணே" என்றார்.