முன்களத்துக்கு வழி
கொரோனா வார்டைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி செல்லக்கிளிக்கு வயது இருபத்தாறு. கூட வேலை பார்த்த இருவர் காய்ச்சலில் படுத்ததும், அவள் பூஸ்டர் ஊசி வரிசையில் போய் நின்றாள்.

வரிசையின் முனையில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி மேலாளர் ஞானப்பிரகாசம் தடுத்தார். "அறுபது வயசு ஆகியிருக்கணும், இல்லைன்னா முன்களப் பணியாளரா இருக்கணும். முன்களம்னா எங்களை மாதிரி நிரந்தர ஊழியர்." அன்று முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டவர் அவர்தான்.

"சரிங்க சார். வார்டுக்கு நேரமாச்சு. முன்களத்துல இருக்கிற நீங்க முன்னால நடங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றாள் செல்லக்கிளி.

வரிசையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேலாளர் எழுந்து நடந்தார். சில அடி தூரத்திலேயே நடைக்கூடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, "கொரோனா வார்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஊசி போடும் நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செல்லக்கிளி, வந்து உட்காரு" என்றார்.