நரி முகம் போட்ட பிஸ்கட்

பூலாங்காட்டுக் குளக்கரையில் ஒரு பழைய கறையான் புற்று இருந்தது. கறையான்கள் அதை எப்போதோ காலி செய்துவிட்டுப் போய்விட்டன. செங்கமலம் என்ற முள்ளம்பன்றி அந்தப் புற்றை அடுப்பாக்கிக்கொண்டாள். மார்கழி பிறந்தால் போதும், அதில் பழ பிஸ்கட் சுட ஆரம்பித்துவிடுவாள்.

காட்டில் பிஸ்கட்டா என்று கேட்காதீர்கள். முள்ளம்பன்றி பேசும் என்பதை நம்புகிறவர்கள், அது பிஸ்கட் சுடும் என்பதையும் நம்பத்தான் வேண்டும்.

தினை மாவில் இலுப்பை எண்ணெயும் தேனும் விட்டுப் பிசைவாள். உள்ளே வைக்க இலந்தை, அத்தி, மலைநெல்லி மூன்றையும் பொறுக்கி வருவாள். அவற்றை நாள் கணக்கில் வெயிலில் காய வைப்பாள். பிறகு தேனில் போட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டுவாள். மார்கழி வெயிலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதனால் எல்லாம் முடியப் பன்னிரண்டு நாள் ஆகும்.

இத்தனை பாடும் சும்மா தின்பதற்காக அல்ல. மார்கழிக் கடைசி நாளில் பூலாங்காட்டில் ராசியாகும் விருந்து நடக்கும். அந்த வருஷம் சண்டை போட்டவர்கள் இருவர் இருவராக வந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒரு பிஸ்கட்டை உடைக்க வேண்டும். அவரவர் கையில் வந்த பாதியை அவரவர் தின்ன வேண்டும். தின்றுவிட்டால் பழைய சண்டையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. கோடையில் குளம் வற்றி ஒரு மூலைக்குப் போய்விடும். அப்போது எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தாக வேண்டுமே! மனசில் பகை இருந்தால் முடியுமா?

அதனால் செங்கமலம் ஒரு வேலை செய்வாள். பழத்தை ஓரம்வரை ஒரே சீராகப் பரப்புவாள். மூடியபின், சுடுவதற்கு முன் நடுவில் தன் முள்ளால் ஒரு கோடு இழுப்பாள். யார் உடைத்தாலும் அந்தக் கோட்டில்தான் உடையும். இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் எள்ளளவு வித்தியாசம் இருக்காது.

அவளுக்கும் இந்த வேலையில் ஒரு சந்தோஷம் இருந்தது. மற்ற நாட்களில் யாரும் அவள் பக்கத்தில் வர மாட்டார்கள். முள் குத்திவிடும் என்று பத்தடி தள்ளியே நிற்பார்கள். அந்தப் பன்னிரண்டு நாட்கள் மட்டும் வாசனைக்கு மயங்கி, பயத்தை மறந்து, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள். வருஷம் முழுக்க அவள் காத்திருப்பது அதற்காகத்தான்.

இது மாசானம் என்ற நரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு முள்ளம்பன்றிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த வருஷம் மார்கழி பாதி ஆனதும், காட்டின் தலைவரான காட்டெருமை கொம்பையாவிடம் போய் நின்றான்.

"தலைவரே, இந்தத் தடவை விருந்துக்கு மேக்காட்டு யானையும் வருதாமே?" என்றான்.

"ஆமா. குளத்துப் பாதை விஷயத்துல எனக்கும் அதுக்கும் மனத்தாங்கல். இந்தத் தடவை ராசியாகியே ஆகணும்" என்றார் கொம்பையா.

"அவ்வளவு பெரிய யானை முன்னால இந்த உள்ளங்கை அகலப் பிஸ்கட்டையா நீட்டப் போறீங்க? பார்க்கிறவங்க உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. அவர் நல்லவர்தான். ஆனால் கொம்பு பெரிதாக இருப்பவர்களுக்கு மானமும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

"அதுக்கு என்ன செய்யலாம்கிற?"

"அடுப்பை என்கிட்ட விடுங்க. தாமரை இலை அகலத்துக்குப் போட்டுத் தாரேன். பன்னிரண்டு நாள் எதுக்கு? ஒரே நாள் போதும்."

கொம்பையா செங்கமலத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, பழம் காயணும், சுண்டணும். பதறாத காரியம் சிதறாது" என்றாள் செங்கமலம்.

"பழமொழியைத் தின்னா யானைக்குப் பசி ஆறுமா? இந்த வருஷம் மாசானம் செய்யட்டும். நல்லா வந்துட்டா அடுப்பு அவனுக்கே" என்றார் கொம்பையா.

செங்கமலம் திரும்பி நடந்தாள். குளத்தைத் தாண்டியதும் அழுதுவிட்டாள். அடுப்பு போனால் இனி யார் அவள் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறார்கள்?

அவள் சிநேகிதி வேலாயி ஓடி வந்தாள். வேலாயி ஓர் அணில். முள்ளுக்குப் பயப்படாத ஒரே ஜீவன்.

"அக்கா, பொறுக்கின பழமெல்லாம் பாறையில காயுதே, அதை என்ன செய்யப் போறீங்க?"

"அடுப்பே இல்லை. பழத்தை வெச்சு என்னடி செய்ய?"

"உங்களுக்குக் குழி தோண்டத் தெரியாதா என்ன?"

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் காலைப் பார்த்தாள். முள்ளம்பன்றிக்குக் குழி தோண்டுவதைச் சொல்லித்தரவா வேண்டும்?

வறண்டு கிடந்த ஓடையில் குழி தோண்டினாள். அதில் விறகைப் போட்டு எரித்துத் தணலாக்கினாள். பிஸ்கட்டை இலையில் சுற்றி உள்ளே வைத்து, சுடுமணலால் மூடினாள். முதல் தடவை எடுத்தபோது எல்லாம் கரி. இரண்டாம் தடவை உள்ளே மாவு வேகவே இல்லை. மூன்றாம் தடவை வெந்திருந்தது, ஆனால் கடித்தால் மணல் நறநறவென்றது. வேலாயிக்கு ஒரு பல் ஆடியே போயிற்று.

"போதும் வேலாயி. விட்டுடலாம்" என்றாள் செங்கமலம்.

"என் பல்லை ஆட்டிட்டு விட்டுடலாம்னா எப்படி?" என்றாள் வேலாயி.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்காம் தடவை தேக்கிலையை இரண்டு சுற்றாகச் சுற்றி, ஈர நாரால் கட்டி வைத்தாள். அன்று குழியைத் திறந்தபோது எழுந்த வாசனையில் வேலாயி ஆடுகிற பல்லையே மறந்துவிட்டாள்.

இந்தப் பக்கம் மாசானம் என்ன செய்துகொண்டிருந்தான்? தூங்கிக்கொண்டிருந்தான். போன வருஷம் புதருக்குப் பின்னால் ஒளிந்து, செங்கமலம் சுடுவதை அவன் பார்த்திருக்கிறான். பழம் காய்ந்த நாட்களிலும் அவள் கிண்டிய நாட்களிலும் நன்றாகக் குறட்டை விட்டான். கடைசி நாள் வேலையை மட்டும்தான் பார்த்தான். 'பழத்தை உள்ளே வைக்கிறாள், மூடுகிறாள், ஒரு கோடு போடுகிறாள், சுடுகிறாள். இவ்வளவுதானே!' என்று நினைத்துக்கொண்டான்.

இந்த வருஷமும் விருந்துக்கு முதல் நாள்தான் எழுந்தான். பச்சைப் பழத்தை நசுக்கினான். இலந்தைக் கொட்டையைக்கூட எடுக்கவில்லை. பிஸ்கட் தாமரை இலை அகலம். அதற்கு எவ்வளவு பழம் வேண்டும்! அவனோ ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கைப்பிடியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து மூடினான். கோடு போட வேண்டிய இடம் வந்தது. அங்கேதான் அவன் மூளை வேலை செய்தது.

'கோடு ஓர் அலங்காரமா? அழகு வேண்டுமென்றால் என் முகம் இருக்கிறதே!'

ஒவ்வொரு பிஸ்கட்டிலும் தன் முகத்தைக் கீறினான். நீண்ட மூக்கு, விடைத்த காது, மீசை எல்லாம் இருந்தன. ஐம்பது பிஸ்கட்டில் ஐம்பது மாசானம் சிரித்தான்.

விருந்து நாள் காலையில் காடே குளக்கரையில் கூடியது. மேக்காட்டு யானையும் வந்து நின்றது. மாசானத்தின் பிஸ்கட்டைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "அம்மாடி, எவ்வளவு பெருசு!" என்றது மயில். கொம்பையா யானையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

முதலில் கரடியும் குரங்கும் வந்தார்கள். ஒரு தேன்கூட்டுக்காக ஆடியிலிருந்து பேசாமல் இருப்பவர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நரி முகம் மூக்கோடு கோணலாகப் பிய்ந்தது. பழம் முழுவதும் குரங்கின் பாதியில் போய்விட்டது. கரடி கையில் வெறும் மாவும் ஒரு காதும் மட்டும் மிஞ்சின. பழச்சாறு தெறித்துக் கரடியின் நெஞ்செல்லாம் வழிந்தது.

"பார்த்தீங்களா? தேன்கூட்டுலயும் இப்படித்தான் செஞ்சான்" என்றது கரடி.

"நான் என்ன செஞ்சேன்? நீதானே இழுத்தே?" என்று கத்திய குரங்கு, இலந்தைக் கொட்டையைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து மயிலும் கீரியும் வந்தார்கள். மயிலுக்கு மூக்கு கிடைத்தது, கீரிக்கு மீசை கிடைத்தது. பழம் தரையில் விழுந்தது. அது யாருடைய பழம் என்று ஒரு புதுச் சண்டை தொடங்கியது. அதற்குப் பின் வந்த முயல்கள் அண்ணன் தம்பிகள். அந்த வருஷம் அவர்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, வாசனைக்காக வந்தவர்கள். அவர்களும் கட்டிப் புரண்டார்கள்.

கடைசியில் கொம்பையாவும் யானையும் உடைத்தார்கள். பெரிய துண்டு கொம்பையா பக்கம் வந்துவிட்டது.

"ஓகோ! பாதையிலும் பெரிய பங்கு உமக்கு, பிஸ்கட்டிலும் பெரிய பங்கு உமக்கா? விருந்துக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துறீரா?" என்றது யானை. தும்பிக்கையில் இருந்த துண்டைக் குளத்தில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தது.

கொம்பையாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று. யானை இப்படியே போய்விட்டால் கோடையில் குளக்கரையில் ரத்தம்தான் ஓடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது புதர் அசைந்தது. செங்கமலம் ஒரு மூங்கில் தட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். தட்டு நிறையத் தேக்கிலைப் பொட்டலங்கள் இருந்தன. வேலாயி அவள் முன்னால் குதித்து வந்தாள்.

செங்கமலம் நேராகப் போய் யானையின் பாதையில் நின்றாள்.

"ஐயா, போறதுக்கு முந்தி இதை ஒரு தடவை உடைச்சுப் பாருங்க" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

யானை குனிந்து பார்த்தது. "இவ்வளவு சின்னதையா?"

"சின்னதுதான். ஆனா நியாயமானது."

யானை ஒரு பக்கத்தைப் பிடித்தது. கொம்பையா மறுபக்கத்தை உதட்டால் கவ்வினார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோட்டோடு கோடாகப் பிஸ்கட் இரண்டானது. இரண்டு பாதியிலும் கறுப்பும் சிவப்புமாகப் பழம் ஓரம்வரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

யானை இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்து அளந்து பார்த்தது. கொம்பையாவும் அளந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருவரும் வாயில் போட்டார்கள்.

"பாதை ரெண்டு பேருக்கும் அகலமாத்தான் இருக்கு. நான்தான் நடுவுல நடந்துட்டேன்" என்றது யானை.

"நானும் நடுவுலதான் நடந்தேன்" என்றார் கொம்பையா.

பிறகு கேட்க வேண்டுமா? கரடியும் குரங்கும் உடைத்தார்கள். தின்றதும் கரடியின் நெஞ்சிலிருந்த சாற்றைக் குரங்கே துடைத்துவிட்டது. மயிலும் கீரியும் உடைத்தார்கள். முயல் அண்ணன் தம்பிகள் மூன்று தடவை உடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சண்டை ஒன்றைச் சொல்லி இன்னொரு பிஸ்கட் வாங்கினார்கள். குளக்கரை முழுக்க 'டக் டக்' என்று உடைகிற சத்தமும் சிரிப்புமாக இருந்தது.

தட்டில் ஒரே ஒரு பிஸ்கட் மிஞ்சியது. செங்கமலம் அதை எடுத்துக்கொண்டு மாசானத்தைத் தேடிப் போனாள். அவன் புற்றுக்குப் பின்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தான்.

"என்ன, சிரிக்க வந்தியா?" என்றான்.

"இந்த வருஷம் எனக்குப் பகை நீ ஒருத்தன்தான். பிடி."

மாசானம் தயங்கித் தயங்கிப் பிடித்தான். 'டக்' என்றது. அவன் தன் பாதியைப் பார்த்தான், அவள் பாதியைப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவள் தனக்கென்று ஒரு துளி அதிகமாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கோடு எதற்கு என்று அவனுக்குப் புரிந்தது. வெட்கத்தோடு மென்று விழுங்கினான்.

கொம்பையா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "செங்கமலம், நான் செஞ்சது தப்பு. இனிமே இந்த அடுப்பு உன்னோடது. உன்னைக் கேட்காம தலைவரே ஆனாலும் தொட முடியாது."

"பன்னிரண்டு நாள் ஆகுமே, அண்ணாச்சி?"

"இருபது நாள் எடுத்துக்கோ, தாயி!"

காடே ஆரவாரம் செய்தது. யானை மகிழ்ச்சி தாங்காமல் செங்கமலத்தைத் தும்பிக்கையால் தூக்கிக் கொண்டாடப் போனது. முள்ளைக் கண்டதும் சட்டென்று யோசித்து, தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியதோடு நிறுத்திக்கொண்டது. மற்றவர்கள் அவ்வளவு யோசிக்கவில்லை. கரடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. குரங்கு வந்தது, மயில் வந்தது, முயல்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒன்றிரண்டு முள் குத்தத்தான் செய்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. செங்கமலம் ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணுக்குப் பெரிதாகச் செய்கிற கையை அல்ல, எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கிற கையைத்தான் ஊர் கொண்டாடும்.