ஒரே ஒரு மேற்கோள்

"என்னை யாருமே படிக்கலை, சார்."

பூங்கோதை இதைச் சொன்னபோது ஆரோக்கியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முனைவர் பட்டத்துக்கு அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். இப்போது பார்வை போய்விட்டது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நெல்லின் மரபணுக்களை ஆராய்வதிலேயே காலம் போயிற்று.

"கட்டுரை நிறைய எழுதியிருக்கியே."

"எழுதி என்ன சார்? நாலு பேர் அவங்க கட்டுரையில அதை எடுத்துக் காட்டணும். கூடப் படிச்சவங்களுக்கெல்லாம் மேற்கோள் ஆயிரக்கணக்குல இருக்கு. அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். அங்க பார்க்கறது அதைத்தான்."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"ஆராய்ச்சி மாணவர்கள்கூட இப்ப என்கிட்ட சேர்றதில்லை. லேப்ல நான் மட்டும்தான். சில நாள் வீட்டுக்குப் போனப்புறம்தான் தோணும், இன்னிக்கு யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலைன்னு."

"நீ எழுதினதுல உனக்குப் பிடிச்சது எது?"

"உப்புத் தண்ணி நெல்லைப் பத்தினது."

தண்ணீரில் உப்பு ஏறினால் நெல்லின் வேரில் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது என்று அதில் எழுதியிருந்தாள்.

"அதை எத்தனை பேர் எடுத்துக் காட்டியிருக்காங்க?"

"ஒருத்தர்."

"என்ன எழுதியிருக்கார்?"

பூங்கோதை தரையைப் பார்த்தாள். மேற்கோள் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது ஞாபகம் இருந்தது. அந்தக் கட்டுரையைத் திறந்தது ஞாபகம் இல்லை.

"படி," என்றார். "எனக்குத்தான் கண் தெரியாதே. சத்தமா படி."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எழுதியவர் பெயர் நிருபமா சைகியா. அஸ்ஸாமில் ஏதோ ஒரு சிறிய கல்லூரி.

பாதியில் அவள் குரல் நின்றது.

"ஏன்?"

"நான் சொன்னது தப்புன்னு எழுதியிருக்காங்க சார். மரபணு விழிச்சது உப்பால இல்லையாம். நாத்தைப் பிடுங்கி உப்புத் தண்ணிக்கு மாத்தறப்போ வேர் அறுபடுதே, அந்தக் காயத்தாலயாம்."

"மேலே படி."

"சார்..."

"மேலே படி."

படித்து முடித்தாள். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் விதை கொடுத்த விவசாயி ஒருவரின் பெயர் மட்டும் இருந்தது. வேறு யாரும் இல்லை.

ஆரோக்கியநாதன் கையால் துழாவி லேப்டாப்பை மூடினார்.

"போயிட்டு வா."

பூங்கோதை கோயம்புத்தூருக்குத் திரும்பி மறுபடி நாற்று வளர்த்தாள். சிலவற்றைப் பிடுங்கி, உப்பே கலக்காத தண்ணீரில் வைத்தாள். சிலவற்றைப் பிடுங்காமல், வளர்ந்த இடத்திலேயே உப்பு ஊற்றினாள்.

நல்ல தண்ணீரில் இருந்த வேரில் மரபணு விழித்திருந்தது. பிடுங்காத வேரில், அவ்வளவு உப்பிலும், தூங்கிக்கொண்டிருந்தது.

நேர்காணலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தன் கட்டுரையைத்தான் வேறு யாரும் படிக்கவில்லையே.

லேப்பில் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினாள். பிறகு அஸ்ஸாமுக்குப் போன் செய்தாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"நிருபமாவா? நான் பூங்கோதை. நெல் வேர்."

பெயர் மட்டும் போதாது என்று நினைத்து அவளே தொடர்ந்தாள்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன். நானும் செஞ்சு பார்த்தேன். நீங்க எழுதினதுதான் சரி."

மறுமுனையில் பதில் இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." நிருபமாவின் குரல் வந்தது. "அதை யாராவது படிச்சாங்களான்னே எனக்குத் தெரியாது. நீங்கதான் முதல் ஆள்."

பூங்கோதை லேப்டாப்பில் அந்தக் கட்டுரையைத் திறந்தாள்.

"மூணாவது படம் பார்த்தீங்களா?" என்றாள் நிருபமா. "வேரோட குறுக்குவெட்டு. அது ஒண்ணுக்கே ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சு."

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது? சொல்லுங்களேன்."

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.